ஒன்றரை மடங்கு வேகம்

அத்தியாயம் 9

விமர்சனச் சேனல் நடத்தும் கத்திரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றதோடு அவனை விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் ஓடியது நமக்குத்தான். அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எடிட்டிங் திரையைப் பார்த்தபடி இன்னும் அப்படியேதான் நிற்கிறான்.

"இன்னொரு தடவை போடு," என்றான்.

அவன் மனைவி போட்டாள். திரையில் காவல்காரி கோட்டைக் கதவில் சாய்ந்து நின்று பேசினாள்.

"சாவி என்கிட்ட இல்ல. சாகறதுக்கு முன்னாடி சொல்லு, உன்னை யார் அனுப்பினது?"

சாவி. சாகறது. சொல்லு. மூன்று இடத்திலும் பல்லிடுக்கில் மெல்லிய விசில்.

அந்த விசிலை வைத்துத்தான் நாலு நாளைக்கு முன்னால் அவன் ஊரைச் சிரிக்க வைத்தான். 'இருட்கோட்டை' வீடியோ கேமின் மூன்றாம் பாகத்திலிருந்து ஒரு காட்சி கசிந்து அவன் கைக்கு வந்திருந்தது. மற்ற சேனல்காரர்களை முந்த வேண்டும். படமானாலும் கேமானாலும் அவன் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓட்டிப் பார்ப்பான். "ரெண்டரை மணி நேரப் படத்துல முக்கால் மணி நேரம் ஹீரோ நடந்துதான் வர்றான், அதை நான் ஏன் மெதுவா பார்க்கணும்?" என்பது அவன் கட்சி. அன்றும் அதே வேகம். காவல்காரிக்குப் புதுக் குரல் என்று தெரிந்ததும் முடிவு கட்டிவிட்டான்.

"குக்கரைக் கூட்டிட்டு வந்து டப்பிங் பேச வச்சிருக்காங்க," என்றான்.

அவ்வளவுதான். பழைய குரலுக்காக ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ரசிகர் கூட்டத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. குரல் யாருடையது என்று கம்பெனி சொல்லவில்லை. அதனால் அவர்களே பேர் வைத்தார்கள். விசில்காரி.

அந்த வேகத்தில் விசில் மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. விசிலுக்குச் சொந்தக்காரி விழவில்லை. இன்று காலை அவன் மனைவி தற்செயலாக இயல்பான வேகத்தில் ஓட்டியபோதுதான் விழுந்தாள்.

சில்லு. கூடப் பிறந்த தங்கை. முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்துபோனதால் வந்த பேர். ஊஞ்சலில் அவள் உட்கார்ந்திருந்தபோது, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று பின்னாலிருந்து தள்ளியவன் அவன்தான்.

"உனக்கு எப்பத் தெரியும் பாஸ்?" என்றான் மனைவியிடம். கல்யாணத்துக்கு முந்தியே ஒட்டிக்கொண்ட பேர் அது.

"இப்பத்தான். உன் கூடவேதான் கேட்டேன். எனக்கு வர்றது நீ வெட்டி, வேகத்தை ஏத்தி, எல்லாம் முடிச்சுக் குடுக்கற துண்டுதானே? அதுல அவளை எங்க தேடறது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தான். அவள் சொல்லவில்லை.

* * *

சில்லுவின் வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு முழுக்க சூடான சோப்பு வாசனை. கதவு திறந்துதான் கிடந்தது.

அவள் துணி அலமாரிக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் கனத்த குளிர்கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒரு ஹேங்கரில் மைக். ஸ்டூடியோவில் பேசியது போக, திருத்தங்களை இதற்குள் உட்கார்ந்துதான் பேசி அனுப்புவாள். கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம்.

"வா அண்ணா. உள்ள இடமில்ல, வெளிய உக்காரு."

அவன் தரையில் உட்கார்ந்தான். ஹேங்கரில் தொங்கிய மைக்கைப் பார்த்தான்.

"பொத்தான் மாறியிருக்கு," என்றாள் சில்லு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாது. கேம் வெளிவர்ற வரைக்கும் குரல் யாருன்னு வெளிய வரக் கூடாதுன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன். வீட்டு ஆளுங்களுக்குக்கூட சொல்லக் கூடாது." அவள் கோட்டின் கையைப் பிடித்து, அதில் பிரிந்திருந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஆனா சொல்லாமலே உனக்குத் தெரிஞ்சுடும்னு நினைச்சேன். கேட்டதும் நீ போன் பண்ணி, ஏய் சில்லு, நீதானேன்னு கேப்பேன்னு. நான் இல்லவே இல்லன்னு சாதிக்கணும்னு பழகிக்கூட வச்சிருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"திட்டிடு," என்றான்.

"திட்ட எனக்குத் தெம்பில்ல. இந்தக் கேமுக்கு நான் எத்தனை விதமா செத்திருக்கேன் தெரியுமா? தீயில சாகறது தனி. தண்ணில சாகறது தனி. தூரத்துல சாகறது, பக்கத்துல சாகறது, யாரும் பார்க்காம சாகறதுன்னு அதுக்கு ஒண்ணு. படத்துல ஹீரோ ஒரு தடவை செத்தா எழுந்து நின்னு கைதட்டறீங்க. கேம்ல சாகறவளுக்கு நடிப்புன்னு ஒண்ணு இருக்குன்னே எவனும் நினைக்கறதில்ல. நீ உள்பட."

"தப்புதான்."

"உன் வீடியோவைப் பார்த்தப்ப இதுல எந்த விதம் எனக்கு வந்துதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். லிஸ்ட்லயே இல்ல."

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"அந்தப் பழைய குரல் அம்மாவை யாரும் துரத்தல அண்ணா. அவங்களா வேணாம்னு போனாங்க. ரெண்டு பாகத்துக்குக் கத்தினதுல தொண்டை போயிடுச்சு. அதைக் கம்பெனி வெளிய சொல்லாது. நீ மட்டும் வீடியோல என்ன சொன்ன? பழைய குரலைக் கொன்னுட்டாங்கன்னு."

கீழே சலவை இயந்திரம் ஒன்று சுழலத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் மீட்டிங்," என்றாள். "என்னை வச்சுக்கறதா, வேற ஆளை வச்சு மொத்தத்தையும் திரும்பப் பேசறதான்னு. டைரக்டர் எனக்காகச் சண்டை போடறாரு. என் பேரு வெளிய வந்துடுச்சுன்னா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒப்பந்தம் அன்னிக்கே முடிஞ்சு போச்சு."

"வேற குரல் வச்சா?"

"இந்தத் தொழில்ல அப்படி ஒரு தடவை மாத்தினாங்கன்னா அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போறேன். அந்தச் சில்லை அடைச்சுடலாம்னு. விசிலும் இருக்காது, ஒண்ணும் இருக்காது."

"வேணாம் சில்லு."

"எனக்கு மட்டும் வேணும்னா இருக்கு?"

அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். "நான் என்ன செய்யணும்னு சொல்லு. எதுவானாலும் செய்யறேன்."

"ஒண்ணும் செய்யாதே."

"சில்லு..."

"நிஜமாத்தான் சொல்றேன். வீடியோ போடாதே, பதில் சொல்லாதே, யாரையும் திட்டாதே. சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தா போதும். இருப்பியா?"

"இருப்பேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ தியேட்டர்லயே அப்படி இருந்ததில்லையே அண்ணா," என்றாள். விசில் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, உதட்டைக் குவித்து, மெதுவாக.

* * *

சும்மா இருப்பது அவனுக்கு வராத வேலை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீடியோவைச் சேனலிலிருந்து எடுத்துவிட்டான். அது இருக்கும்வரை அவள் அடி வாங்கிக்கொண்டே இருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சமையலறையில் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் விஷயம் தெரிந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"எடுத்துட்டியா? ஒண்ணும் செய்யாதேன்னுதானே சொன்னா?"

"எடுக்கறது எப்படிச் செய்யறதாகும்? அது செய்யாம இருக்கறதுதான்."

"இதை உன் ரசிகர்கள்கிட்ட சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் அவர்களே வந்துவிட்டார்கள். கத்திரி மழுங்கிவிட்டது. கத்திரிக்குத் துரு பிடித்துவிட்டது. வீடியோவை ஏன் எடுத்தாய், எவ்வளவு வாங்கினாய். போட்டிச் சேனல்காரன் ஒருவன் பழைய வீடியோவை எங்கிருந்தோ எடுத்து மறுபடி ஏற்றியிருந்தான். முன்பு கேட்டவர்களைவிட அதிகம் பேர் இப்போது குக்கரைக் கேட்டார்கள். பின்னணிக்கு யாரோ நிஜ விசில்களைக் கோத்து ஒரு பாட்டே போட்டிருந்தார்கள். நன்றாக வேறு இருந்தது.

ஒவ்வொன்றையும் அவன் படித்தான். காயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவன் மாதிரி.

இத்தனை வருடமாக அவன் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது. எந்த இயக்குநராவது எதையாவது பின்வாங்கினால், யார் மிரட்டினார்கள் என்று கேள் என்பான். எந்த விமர்சகனாவது ஒரு படத்தைப் பாராட்டினால், கவர் எவ்வளவு கனம் என்று கேள் என்பான். பிள்ளைகள் நன்றாகவே படித்திருந்தார்கள்.

"நான் மன்னிப்பு கேக்கறேன்," என்றான் நாலரை மணி வாக்கில்.

மனைவி வாயைத் திறந்தாள். அவன் கையை உயர்த்தினான். "யாருன்னு சொல்ல மாட்டேன் பாஸ். அந்தக் குரலைப் பத்தி நான் பேசினது தப்பு, சரியா கேக்காம பேசினேன், அவ்வளவுதான். மீட்டிங்ல அவங்களும் பார்ப்பாங்க. கத்திரியே பின்வாங்கிட்டான்னா எதிர்ப்பு அடங்கிடும்னு நினைப்பாங்க. அவளை வச்சுக்குவாங்க."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. அவன் சொல்வதெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி. ரெண்டு நிமிஷம் பேசு. நான் வெட்டித் தர்றேன். நான் பார்த்த பிறகுதான் வெளிய போகணும்."

"வெட்டக் கூடாது."

"என்ன?"

"வெட்டின மன்னிப்பை எவன் நம்புவான்?"

இதைக் கேட்டதும் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். 'மன்னிப்புக்கு மார்க்' என்று அவன் சேனலில் ஒரு பகுதி உண்டு. பிரபலங்கள் கேட்கும் மன்னிப்புகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடுவான். எழுதி வைத்துப் படித்தால் பூஜ்யம். கண்ணீர் வந்தால் பாதி போச்சு. நடுவில் ஒரே ஒரு வெட்டு இருந்தாலும் ஃபெயில். அவனிடம் தேறியவர்கள் யாருமில்லை. வெட்டாமல் நேரலையில் வந்து நிற்கத் தைரியம் இருக்கிறதா என்று ஊரில் உள்ள நட்சத்திரங்களையெல்லாம் சவாலுக்கு இழுத்தவன் இன்று வெட்டிய வீடியோவோடு போய் நிற்க முடியாது.

"ஊருக்கு நீ போட்ட சட்டத்துல நம்ம வீட்டுப் பொண்ணு தலையை வைக்கறே," என்றாள்.

"நேரலைதான் பாஸ். அஞ்சு நிமிஷம்."

"அப்ப அரை நிமிஷம் தாமதம் வச்சுத்தான் விடுவேன். நீ ஏதாவது உளறினா வெளிய போறதுக்குள்ள நான் நிறுத்திடுவேன்."

"சரி."

சரி என்றான். ஆனால் ஒலி அடைத்த அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்து, சாம்பல் நிறப் பஞ்சுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்ததும், திரையின் மூலையில் அந்தத் தாமதக் குறி ஒளிர்வது கண்ணை உறுத்தியது. பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். கேள்விக்கு அரை நிமிடம் கழித்துப் பதில் வந்தால் நாடகம் என்பான். அவனே அப்படி ஒருவனைக் கண்டுபிடித்து நாறடித்திருக்கிறான்.

தாமதத்தை அணைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

* * *

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"நான் ஒரு குரலைக் கிண்டல் பண்ணினேன்," என்றான். "அதை நான் ஒழுங்கா கேக்கவே இல்ல. ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டினேன். நான் எல்லாத்தையும் அப்படித்தான் பார்க்கறேன். இதுவரைக்கும் நான் திட்டின படத்துல பாதியை நான் பார்க்கலன்னுதான் அர்த்தம். முந்தணும், முதல்ல சொல்லணும், அவ்வளவுதான். இன்னிக்கு இயல்பான வேகத்துல கேட்டேன். அந்தக் காவல்காரிக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கு. அந்த விசில் குறை இல்ல. அந்தப் பொம்பளை எவ்வளவு அடி வாங்கியிருக்கான்னு அது ஒண்ணுதான் சொல்லுது."

அடுத்த அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த மனைவிகூட ஒரு கணம் நிம்மதியாக மூச்சுவிட்டாள். நன்றாகப் பேசுகிறானே என்று நினைத்தாள். தன் கணினியில் தாமதம் அணைந்திருப்பதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

மேசையில் செல்போன் ஒளிர்ந்தது. 'சில்லு'. நிறுத்தச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். கவிழ்த்து வைத்தான்.

கேள்விகள் ஓட ஆரம்பித்தன. சிலர் இதயம் போட்டார்கள். பலர் விசில் போட்டார்கள். 'பல்லி' என்ற பேரில் ஒருவன் மட்டும் ஒரே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு குடுத்தாங்க?

அவன் பதில் சொல்லாமல் கடந்தான்.

எவ்வளவு குடுத்தாங்க கத்திரி?

கடந்தான்.

விலை போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன், நாங்க ஏன் நேரத்தை வீணாக்கணும்?

அதன் கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புகள்.

முட்டாள் என்று சொன்னால் கத்திரி சிரிப்பான். அகம்பாவம் பிடித்தவன் என்றால் ஆமாம் என்பான். விலை போனவன் என்ற சொல் மட்டும் அவனுக்குத் தாங்காது. மற்றதெல்லாம் ஏற்கெனவே விற்றுப்போன ஒருவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாமான், காசுக்கு விலை போகாதவன் என்ற பேர்.

"யாரும் ஒண்ணும் குடுக்கல," என்றான். குரல் உயர்ந்தது. "பல்லி, உனக்குத்தான் சொல்றேன். நான் காசு வாங்கல. எவன் காசும் எனக்கு வேணாம். அந்தப் பல்லை உடைச்சதே நான்தான்டா. ஊஞ்சல்ல வச்சுத் தள்ளி நான்தான் உடைச்சேன். என் தங்கச்சி அவ. என் கூடப் பிறந்த தங்கச்சி."

கதவு இடித்துத் திறந்தது. மனைவி மேசைக்கு அடியில் புகுந்து கையில் அகப்பட்ட ஒயர்களையெல்லாம் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. திரை அணைந்தது.

அந்தக் கூட்டத்துக்கு அதற்குள் வேண்டியது கிடைத்துவிட்டிருந்தது. அவன் சேனலின் பழைய வீடியோக்களில் தங்கை இருந்தாள். ஒன்றில் கேக் வெட்டினாள். இன்னொன்றில் புது வீட்டுக்குக் குடிவந்த அன்று அண்ணன் எடுக்க, சலவைக்கடைப் பலகைக்குக் கீழே நின்று கையசைத்தாள். தன் பேரைச் சொல்லிச் சிரித்தாள். பல் தெரிந்தது.

இருட்டில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேரைச் சொல்லலையே," என்றான் அவன். "பாஸ், நான் பேரைச் சொல்லலையே."

அவள் எழுந்தாள். மேசைமேல் தடவிச் செல்போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். எடுக்காத அழைப்பு ஒன்று. அதற்குக் கீழே ஒரு குரல் செய்தி. தங்கச்சி என்று அவன் கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது.

அவன் விரல் பழக்கத்தில் வேகக் குறியை நோக்கிப் போனது. அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

இயல்பான வேகத்தில் சில்லு பேசினாள். மூச்சு வாங்கியது. அலமாரியிலிருந்து எழுந்து வீட்டுக்குள் ஓடிக்கொண்டே பேசியிருக்க வேண்டும்.

"அண்ணா, எங்கே போனே? மீட்டிங் முன்னாடியே முடிஞ்சுடுச்சு. என்னைத்தான் வச்சுக்கறாங்க. பல்லை அடைச்சுடாதே, அந்த விசில் வேணும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. வெளிவர்ற வரைக்கும் பேரு மட்டும் வெளிய தெரியக் கூடாதாம், அவ்வளவுதான். அண்ணிகிட்ட சொல்லு. அப்புறம்..." ஒரு சிரிப்பு. விசிலோடு. "நீ நிஜமாவே வாயை மூடிட்டு இருந்தே பாரு. அதுக்கு தேங்க்ஸ் அண்ணா."

* * *

காரை மனைவிதான் ஓட்டினாள். அலுவலகம் விட்ட நேரம். சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் சில்லுவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

இடையில் சில்லுவின் டைரக்டரிடமிருந்து அவனுக்கு ஒரே ஒரு வரி வந்தது. 'உங்க தங்கச்சிக்காக நான் பேசின கடைசி நாள் இன்னிக்குத்தான்.' அதைப் படித்துவிட்டு அவன் போனை மனைவியிடம் நீட்டினான். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சுக் காட்ட வேணாம்," என்றாள். "தெரியும்."

கடைசி சிக்னலில் ஒருவழியாகப் போன் எடுக்கப்பட்டது.

"சில்லு? சில்லு, நான்தான். எங்கே இருக்கே? பேசு."

அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எதிரொலி துளியும் இல்லாத, நெருக்கமான, அடைத்த மூச்சு. கோட்டுகளுக்கு நடுவே இருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அலமாரிக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தியிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லும்மா. திட்டு. ஏதாவது சொல்லு."

தூரத்தில், தெருவிலிருந்து, யாரோ விசில் அடித்தார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொருவன் பதில் விசில் அடித்தான். சிரிப்புச் சத்தம்.

பிறகு அந்த வீட்டின் அழைப்பு மணி அடித்தது.

காலையில் அவன் போனபோது அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. திரும்பி வரும்போது சாத்திவிட்டு வந்தோமா என்று நினைத்துப் பார்த்தான். எவ்வளவு மெதுவாக ஓட்டிப் பார்த்தும் அந்த இடம் மட்டும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.